பல் தேயாத மெஷின்

"இதால ஒரு முருங்கக்காயாவது அறுத்திருக்கியா நீ?"

ஜோசப் ஆனந்த் போட்ட சத்தத்தில் உப்பளம் மைதானத்தில் பந்தாடிக்கொண்டிருந்தவர்களே ஆட்டத்தை நிறுத்தியிருப்பார்கள். அவருடையது மரம் அறுக்கும் மெஷின் விற்று, ரிப்பேரும் பார்க்கும் கடை. எதிரே நின்ற காலாப்பட்டு அரிகிருஷ்ணனோ, வேறு யாரையோ திட்டுகிறார்கள் என்பதுபோலப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"தெனம் ஓடுதுண்ணே. விடியறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணா, வெயில் ஏர்ற வரைக்கும் நிறுத்தறதே இல்ல."

"எதுல ஓடுது? ஒன் வாயிலயா?"

கஸ்டமர் என்ற பிறவியையே ஜோசப்புக்குப் பிடிக்காது. பெட்ரோலில் ஆயில் கலக்கச் சொன்னால் நல்லெண்ணெய் கலந்த மகான்கள் உண்டு. மரத்தை அறுக்கும் பல் வைத்த செயினைத் திருப்பி மாட்டிவிட்டு, மரம் ரொம்பக் கெட்டி என்று மரத்தின்மேல் பழி போட்ட மேதைகள் உண்டு. கண்ணில் மரத்தூள் விழாமலிருக்க வலை வைத்த ஹெல்மெட்டை விற்றால், அதைக் கவிழ்த்து வைத்துக் கோழியை அடைகாக்க விட்டவனும் உண்டு. ஆனாலும் இந்த அரிகிருஷ்ணனைப் போல ஒரு ஜென்மம் இதுவரை வாய்த்ததில்லை.

சவுக்குத் தோப்பு வெட்டப்போகிறேன் என்று சொல்லி மெஷின் வாங்கினான். வருஷம் திரும்புவதற்குள் இரண்டு இன்ஜின் காலி. கேரண்டி இருந்ததால் கம்பெனி இரண்டையும் சும்மாவே மாற்றிக் கொடுத்தது. இப்போது மூன்றாவதும் செத்துவிட்டது என்று கூச்சமே இல்லாமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

அதனால்தான் சென்னையிலிருந்து கம்பெனி ஆள் இளஞ்செழியன் நேரில் வந்து, கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கஸ்டமர் தப்பா ஓட்டியிருந்தா இப்ப என் எதிர்ல நிரூபிங்க ஜோசப். முடியலன்னா உங்க சர்வீஸ் சரியில்லன்னு அர்த்தம். ஏஜென்சி போர்டக் கழட்டிக் குடுத்துடுங்க."

போர்டு போனால் கம்பெனியிலிருந்து மெஷின் வராது, உதிரி பாகம் வராது. அப்புறம் ஜோசப் ஸ்பேனரை வைத்து முதுகு சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆத்திரத்தோடு மெஷினின் குடலை உருவினார். உள்ளே பூராவும் வெள்ளை பூத்து, ஊறுகாய் ஜாடிக்குள் ஆறு மாதம் கிடந்ததுபோல் இருந்தது.

"என்னய்யா இது, இவ்ளோ உப்பு?"

"கடக்கர ஊருண்ணே. எங்க வூட்டுத் தாப்பாளே துருப்புடிச்சி வுழுது. காத்த நானா வரச் சொல்றேன்?"

"கரெக்ட்தான்" என்றார் இளஞ்செழியன்.

ஜோசப் விடவில்லை. "பெட்ரோல்ல ஆயிலு கலந்தியா?"

"நீங்க சொன்ன அளவுதாண்ணே."

"ஏர் ஃபில்டர்?"

"வந்ததும் மொத வேலயே அதக் கழட்டித் தட்றதுதான்."

பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தான் பாவி. கடைசியாக ஜோசப் செயினைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிஸ்டன் தொண்டுகிழம். செயினின் பல்லோ, பால் பல்! கம்பெனியில் தீட்டிய கூர் மழுங்காமல் அப்படியே மின்னியது.

"பாத்தீங்களா சார்? மூணு இன்ஜின் செத்துடுச்சி, செயின்ல ஒரு பொட்டு மரத்தூள் இல்ல! எப்புடிய்யா அரிகிருஷ்ணா இது?"

"தொடச்சி வச்சிடுவண்ணே. நம்ம பொருள நாமதான பத்திரமா வச்சிக்கணும்?"

இளஞ்செழியனுக்குப் புல்லரித்துவிட்டது. "கேட்டுக்குங்க ஜோசப். பராமரிப்புன்னா இதுதான்."

"அட நீங்க வேற சார்! இந்த மூஞ்சியாவது மரத்த அறுக்கறதாவது! தெருவுல சும்மா ஸ்டார்ட் பண்ணி, பொண்டாட்டிகிட்ட படம் காட்டியிருக்கான்!"

"படம் காட்டினாலும் கம்பெனி இன்ஜின் தாங்கணும் இல்லியா? சத்தத்துக்கு மட்டும் ஓட்டக் கூடாதுன்னு எங்க சொல்லியிருக்கு?"

இளஞ்செழியன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "போதும். அவருக்குப் புது இன்ஜின் குடுங்க. போர்டக் கழட்டுங்க."

ஜோசப் ஆயில் டிரம்மின் மேல் ஏறி நின்று போர்டின் திருகாணியைக் கழற்றத் தொடங்கினார். ஊரிலிருக்கும் அத்தனை முட்டாள்களையும் சமாளித்துவிட்டு, கடைசியில் இந்த மக்குப் பயலிடமா கவிழ வேண்டும்?

கீழே அரிகிருஷ்ணன் புது இன்ஜின் பெட்டியை, ஆசுபத்திரியிலிருந்து பிள்ளையை வாங்கியவன் மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தான். இளஞ்செழியன் எழுந்து அவன் தோளில் கைபோட்டார்.

"உங்கள மாதிரி கஸ்டமர்தான் சார் எங்களுக்கு வேணும். மெஷின்ல வேற எந்தக் குறை இருந்தாலும் தயங்காம சொல்லுங்க சார். கம்பெனில பேசி நானே செஞ்சு தரேன்."

பிறந்ததிலிருந்து ஒருவரும் தன்னை 'சார்' என்று கூப்பிட்டுக் கேட்டிராத அரிகிருஷ்ணன் அப்படியே உருகிப்போனான்.

"பெருசா ஒண்ணுமில்ல சார். ரிவர்ஸ் கியர் ஒண்ணு வச்சிக் குடுத்துடுங்க, வலையில மாட்டிக்கிட்டா படகு பின்னால வரமாட்டேங்குது!"