பொட்டு வைத்த தட்டு

சாத்திய கதவுக்கு வெளியே, தரையில் ஒரு தகரத் தட்டு. வைத்த சாப்பாடு வைத்தபடியே ஆறிக் கிடந்தது.

காசநோய் மாத்திரையோடு வந்த நர்ஸம்மாவுக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வாய் இயல்பாகவே சும்மா இருக்காது. பெயிண்டரின் மனைவியைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். மருந்து தொடங்கி இரண்டு மாதம் ஆயிற்று, சளியில் கிருமி இல்லையென்று போன வாரமே சொல்லியாயிற்று, இன்னும் கட்டின புருஷனை ஒதுக்கி வைத்தால் அந்த மனுஷன் மனசொடிந்து போகாமல் என்ன செய்வான்? ஏற்கெனவே எடையில் நாலு கிலோ இறங்கிவிட்டது.

தட்டின் விளிம்பைத் தொட்டுக் காட்டினாள். அங்கே பாதி தேய்ந்துபோன ஒரு சிவப்புப் பெயிண்ட் பொட்டு.

"அடையாளம் வேறயா? நல்லாத்தான் இருக்கு உங்க குடும்பம்."

மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நர்ஸம்மாவைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே மூன்று தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அப்பா இன்றைக்காவது வருவார் என்று மூன்றாவது தட்டைத் தினமும் எடுத்து வைப்பது ஆறு வயது மகளாம். அந்தத் தகரத் தட்டை அவரே பரணிலிருந்து தேடி எடுத்துக்கொண்டாராம்.

"குழந்தையைக்கூடப் பக்கத்துல விடமாட்டேங்கறாருக்கா. தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

நர்ஸம்மாவுக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினாள்.

தெருவில் பாதி வீட்டைப் பளபளக்க வைத்த பெயிண்டர், தாழ்ப்பாளை நீக்கிவிட்டு மறுபடி காரை உதிர்ந்த சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மாத்திரையை மட்டும் ஒழுங்காக வாங்கி, அவள் பார்க்க விழுங்கினார். ஏதோ தண்டனையை ஏற்றுக்கொள்பவர் மாதிரி இருந்தது.

மனசு இப்படிச் சோர்ந்துபோவதற்கும் வைத்தியம் இருக்கிறது, நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றாள் நர்ஸம்மா.

"இனிமே உங்களால யாருக்கும் ஒட்டாதுங்க. தைரியமா வெளியில வாங்க. புள்ள காத்துட்டிருக்கு."

அவர் அவள் கையிலிருந்த தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது எங்கம்மா சாப்பிட்ட தட்டு. அவங்களுக்கும் இதே நோவுதான். இனிமே ஒட்டாதுன்னு அன்னைக்கும் உங்கள மாதிரி ஒரு சிஸ்டர் வந்து சொன்னாங்க."

அவர் கட்டைவிரல் அந்தத் தேய்ந்த சிவப்பைத் தடவியது.

"இந்தப் பொட்டை வச்சது நான்தான் சிஸ்டர்."