இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில்

“றிபாத், இந்தப் படிவங்களை எந்த மரத்துக்குக் கீழ இருந்து நிரப்பினனீர்?”

சுகந்தினி மிஸ் போட்ட சத்தத்தில கந்தோரே திரும்பிப் பாத்தது. பிரதேச செயலகத்தில புள்ளிவிபரம் அவவின்ட பொறுப்பு. றிபாத், மீளக்குடியேறின ஊர்களில வீடு வீடாப் போய்க் கணக்கெடுக்கிற தற்காலிக உத்தியோகத்தன். கைக்குழந்தைக்காரன். இந்த வேலையும் போச்சுதெண்டால், பாவம், நடுத்தெருவிலதான் நிப்பான்.

மிஸ் ஒரு தாளை நீட்டினா. வலையுருவரையம். பள்ளிக்கூடத்தில கீறினது உங்களுக்கும் மறந்திருக்கும். பெரிய வித்தையொண்டும் இல்லை. வயசைப் பத்துப் பத்தாப் பிரிக்கிறது. ஒவ்வொரு பிரிவிலயும் எத்தினை பேரோ, அவ்வளவு உயரத்துக்கு ஒரு தூண். தூண்களை ஒட்ட ஒட்ட நிறுத்திவிட்டால் ஊரின்ட கோலம் ஒரு பார்வையில தெரிஞ்சிடும்.

“எல்லா ஊரிலயும் இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில தூண் கட்டை. சண்டை நடந்த இடம், அப்பிடித்தான் இருக்கும். நீர் கணக்கெடுத்த கடற்கரை ஊரில மட்டும் அதுதான் எல்லாத்திலயும் உயரம். முப்பத்தெட்டுப் பேர்! போன மாதம் நான் அங்க போனனான். மருந்துக்கும் ஒரு இளந்தாரியைக் காணேல்லை.”

“சனம் சொன்னதைத்தான் எழுதினனான் மிஸ்.”

“வெளிக்கிடும். நேரில பாப்பம்.”

ஜீப் போய்ச் சேர மத்தியானம். கச்சான் காத்து மண்ணை வாரி வாரி அடிச்சது. வள்ளங்கள் எல்லாம் கரையில கவிண்டு கிடந்தன. ஊருக்குள்ள ஒரு ஆம்பிளைக் குரல் கேக்கேல்லை.

முதல் வீடு அருளம்மாவின்டது.

“வீட்டில எத்தினை பேர் அம்மா?”

“மூண்டு. நான், ஜெராட், அருள்நேசன். ஜெராட்டுக்கு இப்ப இருபத்தாறு. மற்றவனுக்கு மார்கழி வந்தால் இருபத்திமூண்டு.”

“எங்க அவை?”

“கடலுக்கு.”

மிஸ் கரையைத் திரும்பிப் பாத்தா. கவிண்ட வள்ளங்கள் கவிண்டபடி.

குசினியில மூண்டு கோப்பையில சோறு போட்டிருந்தது. ஆவி பறந்தது. கொடியில ரெண்டு புதுச் சேட்டு.

“போன வருசம் வாங்கினது இறுக்கமாப் போயிருக்கும். பெடியள் வளருறாங்கள்தானே,” எண்டா அருளம்மா.

மிஸ் விறுவிறெண்டு வெளிய வந்தா.

அடுத்த வீட்டிலயும் அதே கதை. மகனுக்கு இருபத்தெட்டு. கடலுக்கு.

மூண்டாவது வீட்டுக்காரி வாசலிலயே மறிச்சு, வாயில விரலை வைச்சா.

“மெல்லக் கதையுங்கோ பிள்ளை. ராமுழுக்கக் கடலில நிண்டவன். இப்பதான் கண்ணயர்ந்தவன்.”

மிஸ் எட்டிப் பாத்தா. பாயில ஒருத்தரும் இல்லை. தலையணையில மட்டும், தலை வைச்ச குழி.

ஓடாத குறையா வந்து ஜீப்பில ஏறினா. ஏறின பிறகுதான் மூச்சு வந்தது, மூச்சோட கோபமும் வந்தது.

“என்ன ஊரப்பா இது! இல்லாத ஆக்களுக்கு வருசா வருசம் வயசு கூடுது. நீரும் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டு வந்திருக்கிறீர்!”

“எல்லாரும் காணாமல் போன பிள்ளையள் மிஸ். தாய்மார் ‘இருக்கிறான்’ எண்டு சொல்லேக்க, இல்லையெண்டு எழுத எனக்குக் கை வரேல்லை.”

“அரசாங்கப் படிவத்தில பொய் எழுதேலாது. கண்ணால காணாத ஆக்களை இந்த இடத்திலயே வெட்டும். வெட்டாட்டில், உம்மை நிப்பாட்டச் சொல்லிப் பின்னேரமே மேலிடத்துக்கு எழுதிப்போடுவன்.”

றிபாத் பேனையைத் திறந்தான். அருளம்மாவின்ட படிவத்தில, ஜெராட் எண்ட பேருக்கு மேல முனையை வைச்சான். கோடு விழேல்லை.

பேனையை மூடி வைச்சிட்டு, பையில கிடந்த வேறொரு படிவக் கட்டைக் கிளறினான். அதில இருந்து ஒரேயொரு படிவத்தை உருவி, மெதுவா அவவின்ட மடியில வைச்சான்.

“இது நானாட்டான் ஊர்க் கட்டில கிடந்த உங்கட வீட்டுப் படிவம் மிஸ். போன கிழமையே கண்டனான், ஒருத்தருக்கும் சொல்லேல்லை. காணாமல் போன உங்கட தம்பிக்கு இப்ப இருபத்தேழு வயசு எண்டு, உங்கட கையால எழுதியிருக்கிறியள். அவரையும் வெட்டட்டோ?”