பன்னிரண்டாவது தாள்

பன்னிரண்டு தாளில் ஒரே ஒரு தாளுக்குத் துபாய்த் தரகர் சொன்ன விலை இரண்டு லட்சம்.

"கோடி கொடுத்தாலும் ஏலாது அண்ணாச்சி," என்றார் நாடா கம்பெனி முதலாளி சுயம்புலிங்கம், நாலாவது தடவையாக. "ராணுவத்துக்கு நெய்யிற பாராசூட் நாடாவோட டிராயிங் இது. டெல்லி உத்தரவில்லாம கடல் தாண்டுச்சுன்னா எனக்கு ஜெயிலு."

தரகர் போனதும் அலுப்போடு வீட்டுப் பீரோவைத் திறந்தார். கம்பெனியில் இருந்தால் களவு போகுமென்று டிராயிங் தாள்களை அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார். பதினொரு தாள்தான் இருந்தது.

"ஏட்டி, இதுல ஒரு தாளை எடுத்தியா?"

"நெய் ஊறாத தாளா இருந்துச்சு," என்றாள் மனைவி ஞானபாக்கியம். "மகளுக்குப் பால்கோவா மடிச்சுக் கொடுத்துவிட்டேன்."

"எந்த மகளுக்கு? வன்னியம்பட்டிக்காரிக்கா?"

"துபாய்க்காரிக்கு. கொண்டுபோன பக்கத்து வீட்டு ஐயாதுரை நேத்தே பிளேன் ஏறிட்டானே."

சுயம்புலிங்கம் டிராயிங் வரவு வைக்கிற பதிவேட்டை எடுத்தார். பிரித்து எழுதினார்: வரவு பன்னிரண்டு. இருப்பு பதினொன்று. ஏற்றுமதி ஒன்று.