கட்டிய கை

"காலைத் தூக்கித் தாண்டு தம்பி. தண்டவாளம் ஒண்ணும் படிக்கட்டு இல்ல."

புதியவன் சட்டென்று காலைத் தூக்கினான். பனியில் நனைந்த தண்டவாளம் நத்தை ஊர்ந்த தடம்போல மினுங்கியது. மிதித்திருந்தால் வழுக்கியிருக்கும்.

முன்னால் நடந்தவள் சரக்கு வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் வேலை பார்ப்பவள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அந்த ரயில்வே யார்டு முழுவதற்கும் அவள் விசில் அக்கா. புதிதாகச் சேர்கிறவர்களை முதல் நாள் சுற்றிக் காட்டுவது அவள் பொறுப்பு.

"நிக்குற வேகனை நம்பாத. பூனை மாதிரி உருண்டு வரும். சத்தம் கேக்கலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமில்ல."

"என் மாமியாரும் அப்படித்தான் அக்கா. திரும்பினா பின்னால நிப்பாங்க."

"மாமியார் வீட்லயா இருக்க?"

"பொண்டாட்டி அங்க இருக்கா. நான் சிநேகிதன் ரூம்ல ஒரு மூலையில. இந்தப் பக்கம் வாடகை கேட்டாலே தலை சுத்துது. அவளுக்கு இது ஆறாவது மாசம். வேலை நிலைச்சா எப்படியாவது ஒரு இடம் பாத்துக் கூட்டிட்டு வந்துடணும்." சற்று நடந்துவிட்டுக் கேட்டான். "உங்க வீடு எங்கக்கா?"

"பக்கத்துலதான். பேச்சு சுவாரசியத்துல கீழ பாக்காம நடக்காத."

மூடுபனிக்குள் தடங்கள் பிரிந்து பிரிந்து போயின, யாரோ சொல்லத் தொடங்கி நடுவில் மறந்துவிட்ட கதைகளைப் போல. சிக்னல் விளக்கு ஒன்று கம்பமில்லாமல் காற்றில் தொங்குவதாகத் தோன்றியது. தான் வேலைக்கு வந்திருக்கிறோமா, இன்னும் அந்த மூலையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறோமா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

கடைசித் தடத்தில், முழங்கால் உயரப் புல்லுக்குள், இரண்டு பழைய, கதவு மூடிய சரக்கு வேகன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. புல்லுக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை அங்கே போனது. முன்னால் இருந்த வேகனில் ஒரு கொடி. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். இப்போது ரோஜா நிறம்.

அக்கா நின்றாள்.

"மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காத. கொடி கட்டியிருந்தா உள்ளயோ அடியிலயோ ஆள் இருக்குன்னு அர்த்தம். அந்த வேகனை இழுக்கக்கூடாது, முட்டக்கூடாது. கட்டின கைதான் அவிழ்க்கணும். கடவுளே வந்து சொன்னாலும் வேற கை தொடக்கூடாது."

"இது யார் கட்டினது?"

"கட்டினவங்க இன்னும் அவிழ்க்கலை," என்றாள்.

மதியம் யார்டு மாஸ்டர் அவனைத் தேடி வந்தார்.

"அந்த ரெண்டு வேகனும் பழைய இரும்புக்குப் போகுது. சாயந்திரம் எஞ்சின் வரும். அந்தக் கொடியை அவிழ்த்து வை."

"கட்டினவங்க வரலையே சார்," என்றாள் அக்கா.

"உன்னை யாரு கேட்டா? வருஷக்கணக்கா இதே பாட்டு. பழைய ஆளுங்க ஒருத்தனும் கை வைக்க மாட்டேங்குறான்." அவனிடம் திரும்பினார். "நீ புதுசு. எஞ்சின் வரும்போது கொடி இருந்துச்சுன்னா, நாளைக்கு நீ வர வேண்டாம்."

மாலை எஞ்சின் வந்து தூரத்திலேயே நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"கொடி இருக்கு சார். கிட்ட வர மாட்டேன்."

யார்டு மாஸ்டர் புதியவனைப் பார்த்தார். அவன் அக்காவைப் பார்த்தான். அவள் எங்கோ பார்த்துக்கொண்டு விசிலை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் கையை நீட்டிக் கொடியைத் தொட்டான். வெயிலில் வெளுத்த துணி முரடாகத்தான் இருக்கும். இது மெத்தென்று இருந்தது, யாரோ அடிக்கடி துவைப்பதுபோல. மனைவியின் முகம் ஒருமுறை வந்து போனது.

"அவிழ்க்க மாட்டேன் சார். நான் கட்டலை."

"உள்ள யாரும் இல்லடா. இப்பதான் தட்டிப் பாத்தேன், ஒரு சத்தம் இல்ல."

"சத்தம் இல்லைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமா சார்?" அவன் கொடியிலிருந்து கையை எடுத்தான். "வேணும்னா நீங்களே அவிழ்த்துக்குங்க. நான் தடுக்கலை."

யார்டு மாஸ்டரின் கை முடிச்சு வரை போனது. அங்கேயே நின்றது. அவரும் ஒரு காலத்தில், மேலே கட்டிய கொடியை நம்பி, வேகனுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்த்தவர்தான்.

கை திரும்பி வந்தது.

"திருப்பிட்டுப் போப்பா," என்றார் டிரைவரிடம். பிறகு, புதியவனைப் பார்க்காமலே, "நாளைக்கு நேரத்துக்கு வந்து சேரு."

எஞ்சினும் அவரும் மங்கலான வெளிச்சத்தில் கரைந்த பிறகுதான் புதியவன் புல்லில் உட்கார்ந்தான்.

"வேலை போயிருக்கும்க்கா. யாரோ ஒரு மகராசன், கொடியைக் கட்டிட்டு எங்கேயோ போய்ட்டான்."

அக்கா வேகன் கதவை விசிலால் மெதுவாகத் தட்டினாள். கதவு ஒரு சாண் நகர்ந்தது. உள்ளே விளக்கு, கயிற்றில் காயும் சட்டைகள், கையில் துடைப்பத்துடன் ஓர் ஆள்.

"அந்தாளு போயாச்சா? ஒரு மனுஷன் எவ்வளவு நேரம்தான் தும்மலை அடக்குறது?"

"எங்க வீட்டுக்காரர்," என்றாள் அக்கா. பைக்குள் கையை விட்டு, மடிப்புக் கலையாத புதுச் சிவப்புத் துணி ஒன்றை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"பின்னால இருக்கறது காலியாத்தான் இருக்கு தம்பி. உன் கையாலயே கட்டு."