எட்டாத கம்பி

"சீக்கிரம்லா, அண்ணே! கப்பல் கிளம்புறதுக்குள்ள நான் துறைமுகத்துல நிக்கணும்!"

டத்தோ கிராமாட் சாலையிலிருந்த முனுசாமியின் சைக்கிள் கடைக்குள் கான்ஸ்டபிள் ஆரோக்கியநாதன் தன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார். சாலையோரச் சாக்கடையான லோங்கானில் விழுந்ததில் முன்சக்கரத்துக் கம்பிகள் எல்லாம் ஒடிந்திருந்தன.

"அப்படி என்னங்கய்யா அவசரம்?"

"தோட்டத்துத் துரைய அடிச்சவன் இன்னைக்கு நாகப்பட்டினம் கப்பல்ல தப்பிக்கப் போறானாம்."

முனுசாமியின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. அடித்தவன் அவர் தம்பி வீரையன். வேலைக்கு வந்த பெண்ணைத் துரை அறைந்ததைப் பார்த்துப் பொறுக்காமல் கை நீட்டியவன். இந்த உறவு கான்ஸ்டபிளுக்குத் தெரியாது என்று நினைத்தபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

தம்பிக்கு நேரம் வேண்டும். ரிம்மையும் நடுவிலிருந்த ஹப்பையும் அளந்தார். கம்பி நேராகப் போனால் ஒரு நீளம். மற்றக் கம்பிகளைக் குறுக்கே கடந்து போனால் இன்னும் கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதலை வேண்டுமென்றே விட்டுவிட்டு வெட்டினார். கோத்துப் பார்த்தபோது கம்பி ரிம்மை எட்டவில்லை.

"குட்டையாப் போச்சுங்கய்யா. மறுபடி வெட்டணும்."

"ஐயோ! வெட்டுங்க, வெட்டுங்க." கான்ஸ்டபிள் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். வாடகைக்கு நிறுத்தியிருந்த சைக்கிள்களில் இடித்துக்கொண்டு மறுபடி வாசலுக்கே போனார்.

அடுத்த முறை கம்பி நீண்டு, ரிம்முக்கு மேலே துருத்தி நின்றது.

"இப்படியே ஓட்டினா டியூப்பக் குத்திடும்." முனுசாமியின் கண்ணில் வியர்வை இறங்கியது. இந்த ஆள் கண்டுபிடித்துவிட்டால்?

கப்பலின் சங்கு நீளமாக ஊதியது. பிறகு இன்னொரு முறை, தூரத்தில்.

இப்போது முனுசாமி சரியான நீளத்துக்கு வெட்டினார். மடமடவென்று கோத்து முறுக்கினார். சக்கரம் துளி ஆட்டமில்லாமல் சுழன்றது.

"மன்னிச்சிருங்கய்யா. கப்பல் போயிருச்சு போல."

ஆரோக்கியநாதன் தெருவை இருபுறமும் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கப்பல்ல சாப்பிட வீரையனுக்கு ஏதாச்சும் கட்டிக் குடுத்தீங்களா, அண்ணே?"