வெள்ளைக் காரில் பலாப்பால்

பக்கத்து வீட்டு ரஜிதாவின் வெள்ளைக் காரின் மேல் குனிந்து என் புருஷன் துடைத்துக்கொண்டிருந்தார். பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி அவ்வளவு பதமாக.

எனக்கு வயிறு எரிந்தது.

ராத்திரி யாரோ அந்தக் காரின் பானெட் முழுக்கப் பலாப்பாலை அப்பிவிட்டுப் போயிருந்தார்கள். விடிந்து வெயில் ஏறியதும் பசை பழுப்பாகக் காய்ந்துவிட்டது. அதில் தூசியும் சருகும் ஒட்டி, பார்க்கவே சகிக்கவில்லை.

காலையில் தெருவே கூடி நின்றது. போஸ்டர் ஒட்டுகிற பையன்களின் வேலை என்றார் பால்காரர். பொறாமை பிடித்தவர்கள் யாரோ செய்தது என்றாள் எதிர்வீட்டு அம்மிணி. சொல்லும்போது அவள் என்னைப் பார்த்ததை நான் கவனித்தேன்.

ரஜிதா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம்தான் கேட்டாள்.

"வத்சலா சேச்சி, உங்க சேட்டன் ஒர்க்‌ஷாப்ல பெயிண்டர்னு சொன்னாங்களே. கொஞ்சம் வந்து பாக்கச் சொல்றீங்களா?"

கண்ணில் தண்ணீர் வேறு. தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி மாட்டேன் என்பது?

அவள் டில்லியில் பிறந்து வளர்ந்தவள். புருஷன் கப்பலில் வேலை. பேங்கில் மாற்றல் வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத் தனியாகக் குடிவந்தாள். அவள் வந்ததிலிருந்து என் சுகுணேட்டன் தினமும் முகச்சவரம் செய்கிறார். பைக்கை மதில் ஓரமாக நிறுத்தித்தான் கழுவுகிறார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். குருவாயூரப்பன் படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

"அந்தப் பொம்பளகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்லடீ."

நம்பினேன். கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு நம்பாமல் எங்கே போவது?

ஆனாலும் இன்றைக்கு அவரைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் வந்து நின்றுவிட்டேன். என் சமையலறை எண்ணெய், அவள் காருக்கு. என் தலையெழுத்து!

"மண்ணெண்ணெய் ஊத்தினா சட்டுனு போயிடாது?" என்று பால்காரர் கேட்டார்.

"யோவ், பெயிண்டு செத்துப்போயிடும்யா! எண்ணெயில ஊறணும், அப்புறம்தான் துடைக்கணும். தெரியாட்டி சும்மா இரு."

அவர் அப்படித்தான். வேலையில் தப்பைக் கண்டால் அவர் வாய்க்குப் பூட்டே கிடையாது. எங்கள் கல்யாணத்தன்று, தாலி கட்டுவதற்கு முன்னால், பந்தலில் கோணலாகக் கட்டியிருந்த மூங்கிலுக்காகப் பந்தல்காரனைத் திட்டினார். இப்போது பால்காரரின் முகம் சுருங்கிப் போய்விட்டது.

எங்கள் வீட்டுக் குழாய் மாதக்கணக்கில் ஒழுகுகிறது. அதற்கு இவருக்கு நேரமில்லை. இங்கே ஒவ்வொரு சொட்டுப் பசையையும் எண்ணெயில் ஊறப்போட்டு, பனியன் துணியால் ஒற்றி ஒற்றி எடுக்கிறார். ஒரு கீறல் விழவில்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரஜிதா டீ கொண்டுவந்தாள். இடது கையால் அவருக்கு நீட்டினாள். வலது கை ஷாலுக்குள் இருந்தது.

இடது கையாலா ஒருத்தருக்கு டீ கொடுப்பார்கள்? அந்தக் கையில் எதை மறைக்கிறாள்? மோதிரமா? யார் வாங்கிக் கொடுத்த மோதிரம்?

மறுபடி உள்ளே போய் எனக்கான டீயைக் கொண்டுவந்து நீட்டும்போது டம்ளர் ஆடியது. வலது கை தானாக வெளியே வந்து பிடித்தது.

மோதிரம் ஏதும் இல்லை.

விரல் நுனியெல்லாம் கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்திருந்தது. நக இடுக்கில் ஷாலின் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

பலாப்பால்.

பலாவைத் தொடுவதற்கு முன்னால் கையில் தேங்காயெண்ணெய் பூச வேண்டும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூசாமல் தொட்டால் எந்தச் சோப்புக்கும் அது மசியாது. டில்லிக்காரிக்கு அது எங்கே தெரியப்போகிறது?

அடிப்பாவி! உன் காருக்கு நீயேவா?

சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு. வலை விரித்தது முழுக்க இவள். என் மனுஷன் பாவம், ஒன்றும் அறியாமல் வந்து மாட்டியிருக்கிறார். இத்தனை நாள் அவரைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று மனசு லேசாகிவிட்டது. இப்போதே அவர் கண்ணெதிரில் இவள் சாயத்தை வெளுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

டம்ளரைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கையை விரி மோளே. காருக்குப் போட்டது போதும். உன் விரலுக்கும் கொஞ்சம் ஊத்தறேன்."

வேண்டுமென்றே சத்தமாகத்தான் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கறுத்த விரல்களைப் பார்த்ததும் பந்தல்காரனிடம் வந்த அதே கோபம் அவருக்கு வந்தது.

"எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னேன் உங்கிட்ட, முதல்ல கையில எண்ணெயைப் பூசிக்கன்னு!"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் என்னைப் பார்த்தார்.

"எப்போ?" என்று கேட்டேன்.