உப்பு பூத்த ஜங்ஷன் பாக்ஸ்

கோதண்டம் வீட்டுக் கடல்மீன் தொட்டிக்கு அடியில், மோட்டார் பிளக்கைச் சொருகிய ஒரு ஜங்ஷன் பாக்ஸ் கிடந்தது. உப்புத் தண்ணீர் மோட்டார் வயர் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, அதன் துளைகளில் வெள்ளையாகப் பூத்துவிட்டது.

"எனக்கு உள்ளே எரியுது, சீக்கிரம் சொல்லு" என்றது பாக்ஸ், சுவரிலிருந்த ட்ரிப்பரிடம்.

ட்ரிப்பர் டப்பென்று விழுந்து வீட்டுக் கரண்டையே நிறுத்தியது. கோதண்டம் வந்து தூக்கிவிட்டார். மறுபடி விழுந்தது. அன்றைக்கு மட்டும் ஆறு தடவை.

"சனியன், சும்மா சும்மா விழுது. மோட்டார் நின்னா மீன் செத்துடும்ல" என்றவர், எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, ட்ரிப்பரைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டு லைனை நேராகக் கொடுக்கச் சொன்னார்.

"குனிஞ்சு பாக்கச் சொல்றதுக்கு என்ன உனக்கு?" என்று எரிந்து விழுந்தது பாக்ஸ்.

"ஆறு தடவை சொன்னேனே. எனக்குத் தெரிஞ்ச பாஷை அது ஒண்ணுதான்" என்றது ட்ரிப்பர்.

ஆயுத பூஜை வந்தது. கோதண்டம் முதல் முறையாகத் தொட்டிக்கு அடியில் குனிந்தார்.

"அப்பாடா, பாத்துட்டாரு. பிளக்கைப் பிடுங்குங்க சார், அப்புறம் துடைங்க" என்று கெஞ்சியது பாக்ஸ்.

அவர் உப்பின் மேலேயே ஈரச் சந்தனத்தைத் தடவி, குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். அலமாரியில் கிடந்த ட்ரிப்பருக்கும் ஒரு பொட்டு கிடைத்தது.

கொஞ்ச நேரத்தில், வாசலில் பைக்குக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தவர் கண்ணைக் கசக்கினார்.

"காஞ்சனா, இந்த வருஷம் சாம்பிராணிப் புகை ரொம்பத் தூக்கலா இருக்கே."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்.

"நான் இன்னும் சாம்பிராணியே போடலீங்க."